துண்டுச் சீட்டு முதல் வீசாப் படிவம் வரை

சென்ற நோன்புப் பெருநாளுக்குப் பிந்திய ஒரு சனிக்கிழமை, எனது பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். அவனது வாப்பா பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கடைவீதியில் சில்லறைக் கடை வைத்திருப்பவர். மகன் இங்கே பட்டப்படிப்பை முடித்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் முதுமாணிக் கற்கைக்கு அனுமதியும் பெற்றிருந்தான். கையில் வீசா விண்ணப்பத்தின் பிரதி இருந்தது. அதில் ஒரு கேள்வியின் கீழ் பென்சிலால் கோடிட்டிருந்தான். எந்த நாட்டிலாவது, எப்போதாவது நீங்கள் கைது செய்யப்பட்டதுண்டா என்பதே அந்தக் கேள்வி.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி ஈஸ்டர் ஞாயிறன்று நடந்த குண்டுத் தாக்குதல்களுக்குப் பிந்திய வாரங்களில் அவன் கைதானான். அப்போது அவன் உயர்தர வகுப்பு மாணவன். வீட்டைச் சோதித்தவர்களுக்கு வாப்பாவின் அறபுக் கிதாபுகள் சிலவும், உழ்ஹிய்யாவுக்குப் பாவிக்கும் கத்தியொன்றும் கிடைத்தன. பதினொரு நாட்கள் உள்ளே இருந்தான். பின்னர் குற்றச்சாட்டு எதுவுமின்றி நீதவான் அவனை விடுவித்தார்.

“சேர், ‘இல்லை’ண்டு போடச் செல்லி ஏஜென்சில செல்றாங்க. வழக்கே இல்லாத விசயத்த யாரு தேடப் போறாண்டு கேக்கிறாங்க. நான் என்ன போட?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. “ரெண்டு நாள் பொறு மகன்” என்று சொல்லி அனுப்பினேன். பொய் சொல்லாதே என்று வகுப்பில் சொல்வது ஆசிரியனுக்கு எளிது. ஆனால் உண்மை எழுதியதால் அவனது படிப்புப் போய்விட்டால் அந்த இழப்பைச் சுமக்கப்போவது நானல்ல. வரலாறு படிப்பித்துப் பழகியவன் என்பதால், நான் விடை தேடிப் போனதும் வரலாற்றுக்குத்தான். கடந்தகாலம் எழுதப்பட்ட ஒரு காகிதத்தைக் காட்டினால்தான் எல்லை கடக்கலாம் என்ற நிலை நமது மலைகளுக்குப் புதிதல்ல.

தோட்டத்துத் துண்டு

ஊவாவின் தோட்டங்களில் வயதானவர்களிடம் ‘துண்டு’ என்ற சொல் இன்னும் உயிரோடிருக்கிறது. கோப்பிக் காலத்திலும் அதன்பின் தேயிலைக் காலத்திலும், ஒரு கங்காணி தன் ஆட்களுடன் வேறு தோட்டத்துக்கு மாற விரும்பினால் பழைய துரையின் துண்டு அவசியம். இந்தக் கங்காணிக்கும் இவரது ஆட்களுக்கும் இவ்வளவு கடன் நிலுவையில் உள்ளது, அதைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்பேன் என்று அதில் எழுதியிருக்கும். புதிய துரை அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் தீராது. ஒரு கணக்குப் புத்தகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும், அவ்வளவுதான். துண்டில்லாமல் வருபவரை ஏற்கும் துரை மற்றத் துரைமாரின் கோபத்துக்கு ஆளானார். ஆகவே துண்டில்லாதவருக்கு அடுத்த மலையும் அந்நிய நாடுதான்.

இதற்குத் துணையாகச் சட்டமும் நின்றது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டத்தின் கீழ், அறிவித்தல் கொடாமல் வேலையை விட்டுப் போவதும் வேலையில் அசட்டையாக இருப்பதும் தண்டனைக்குரிய குற்றங்களாயின. மூன்று மாதம்வரை மறியலில் போடலாம். இன்று வேலையை விட்டு நின்றுவிட்டான் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் விடயத்துக்கு அன்று பிடியாணை பிறந்தது. அக்காலத்துச் சிறைப் பதிவேடுகளில் குற்றவாளி என்று பெயர் ஏறியவர்களில் எத்தனையோ பேர் யாரையும் அடித்தவர்களோ எதையும் களவெடுத்தவர்களோ அல்லர். ஒரு தோட்டத்திலிருந்து நடந்து போனவர்கள் மட்டுமே.

நாட்டுக்குள் வரும்போதே அடையாளம் மாட்டப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்திலிருந்து வந்தவர்களுக்குத் தோட்டத்தின் எண் பொறித்த தகரத் தட்டு கொடுக்கப்பட்டது. மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காக மறித்து வைத்துச் சோதித்த பின்பே கப்பலேற்றினார்கள். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் பற்றுச்சீட்டு நின்றது. தொழிற்சங்கக் காலத்தில், வேலைநிறுத்தத்துக்கு முன்னின்றவர் கையில் பற்றுச்சீட்டைக் கொடுத்து வெளியேற்றுவது துரைமாரின் வழக்கமாயிற்று. அதை வைத்துக்கொண்டு அவர் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஏன் வெளியேற்றினார்கள் என்ற கேள்வி அவருக்கு முன்னரே அங்கு போய்ச் சேர்ந்துவிடும்.

கைதியாக வந்தவர்

துண்டு முறை உச்சத்திலிருந்த அதே காலத்தில்தான், உலகறிந்த கைதிகள் ஏழு பேர் இத்தீவில் வந்திறங்கினார்கள். எகிப்தில் அந்நிய ஆதிக்கத்துக்கு எதிராக எழுந்த அஹ்மத் ஒறாபி பாஷா, 1882 செப்டெம்பரில் தல்-அல்-கபீர் போரில் தோற்றுக் கைதானார். கிளர்ச்சிக் குற்றத்துக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது ஆயுட்கால நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. 1883 ஜனவரியில் அவரும் ஆறு தோழர்களும் கொழும்பை அடைந்தார்கள்.

ஆங்கிலேயரின் கோப்பில் அவர்கள் தண்டனை பெற்ற கலகக்காரர்கள். நம்மவர்கள் வேறு விதமாகப் பார்த்தார்கள். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி, மார்க்கக் கல்வியோடு நவீன கல்வியும் வேண்டுமென்று சமூகத்தைத் தட்டியெழுப்பிக்கொண்டிருந்த அறிஞர் சித்திலெப்பைக்கு ஒறாபி பாஷா உற்ற துணையானார். வாப்பிச்சி மரைக்கார் போன்ற செல்வந்தர்களும் கைகொடுத்தனர். 1892இல் கொழும்பு மருதானையில் அல்மத்ரஸதுஸ் ஸாஹிரா உதயமானது. அதுவே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. ஏழு பேரில் ஒருவரான மஹ்மூத் ஸாமி அல்-பாரூதி, நவீன அறபுக் கவிதையின் முன்னோடிகளில் ஒருவர். அவர் நாடுகடத்தப்பட்ட இத்தீவிலேயே ஆங்கிலம் கற்றுக்கொண்டார்.

இதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வது வழக்கம். அந்தப் பெருமைக்குள் இன்னொரு படிப்பினையும் உண்டு. கைதுப் பதிவோடு வந்த ஒருவரை இச்சமூகம் தன் பிள்ளைகளின் கல்விக்கு வழிகாட்டியாக ஏற்றது. எந்தக் குற்றத்துக்காக வந்தார் என்பதை அறியாமல் அல்ல, அறிந்தே ஏற்றது. அவரும் அதை மறைக்கவில்லை. 1901இல் மன்னிப்புப் பெற்றுத்தான் அவர் எகிப்து திரும்பினார். விடுவிக்கும் காகிதம் வர அவருக்குப் பதினெட்டு ஆண்டுகள் பிடித்தன.

காந்தியடிகளும் இங்கு வந்த ஒரு முன்னாள் கைதிதான். 1922இல் ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட அவர் 1927 நவம்பரில் இலங்கை வந்தபோது பதுளையிலும் கூட்டத்தில் பேசினார். தண்டனை கொடுத்த அதே சாம்ராஜ்யத்தின் இன்னொரு பகுதிக்குள் அவர் நுழைவதை அந்தத் தண்டனை தடுக்கவில்லை.

பழக வந்தவரும் பதுளையின் மே மாதமும்

இங்கு கற்க வந்து கைதான ஒருவரும் உண்டு. லண்டனில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில், தேயிலைத் தொழில் பழக 1936இல் இலங்கை வந்தார். மடுல்கலைப் பகுதியின் ரெலுகாஸ் தோட்டத்தில் பழகுநராகச் சேர்ந்தார். தொழிலாளர்களோடு நெருங்கிப் பழகியதால் வேலை போயிற்று. லங்கா சமசமாஜக் கட்சியின் மேடைகளில் துரைமாரைக் கண்டித்துப் பேசினார். 1937 ஏப்ரலில் ஆளுநர் ஸ்டப்ஸ், 48 மணித்தியாலங்களுக்குள் நாட்டை விட்டு வெளியேறும்படி கட்டளையிட்டார். பிரேஸ்கேர்டில் தலைமறைவாகி, மே 5ஆம் திகதி காலிமுகத்திடல் கூட்டத்தில் தோன்றினார். இரண்டு நாளில் கைதானார்.

ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அவருக்காக எச்.வி. பெரேரா வாதாடினார். பிரதம நீதியரசர் சிட்னி ஏப்ரஹாம்ஸ் தலைமையிலான நீதிமன்றம், அவரைப் பிடித்து வைத்திருப்பது சட்டவிரோதம் என்று அந்த மே மாதமே விடுவித்தது. அவர் கைதானது உண்மை. அந்தக் கைது தவறு என்பதும் உண்மை. இரண்டாவதைச் சொன்னது நீதிமன்றத் தீர்ப்பு. தீர்ப்பு இல்லாவிட்டால் முதலாவது மட்டுமே பதிவில் எஞ்சியிருக்கும்.

மூன்று ஆண்டுகளின் பின் இந்தக் காற்று பதுளைக்கு வந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் சூட்டில் உயிரிழந்ததைத் தொடர்ந்து வேலைநிறுத்தங்கள் ஊவாவுக்கும் பரவின. பதுளையின் வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தமது சபையைத் தாமே தெரிவு செய்தார்கள். அச்சபையைக் கலந்து நடக்கத் துரையும் சம்மதிக்க வேண்டி வந்தது. ஒழுங்கை நிலைநாட்டப் போன ஆயுதப் பொலிஸாரின் ஆயுதங்களைத் தொழிலாளர்கள் பறித்ததாகவும் வரலாறு கூறுகிறது. பின்னர் வந்த அடக்குமுறை கடுமையானது. அந்த ஜூனில் என்.எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன ஆகியோரும் சற்றுப் பின்னர் கொல்வின் ஆர்.டி. சில்வாவும் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டனர். 1942 ஏப்ரலில் கண்டிச் சிறையிலிருந்து தப்பி இந்தியாவுக்குப் போனார்கள். அங்கும் சிலர் பிடிபட்டனர். பிற்காலத்தில் மூவருமே இந்நாட்டின் அமைச்சர்களாயினர். என்.எம். இரு முறை நிதியமைச்சரானார். அவர்களது கைது பின்னாளில் தியாகமாக எண்ணப்பட்டது. வேவெஸ்ஸவின் லயங்களில் இருந்தவர்களுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

காரணம், அடுத்த சில ஆண்டுகளில் அவர்களுக்கு நாடே இல்லாமற் போயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்தன. பிரஜாவுரிமை இல்லாதவருக்குக் கடவுச்சீட்டு ஏது? கைது பற்றிய கேள்வி உள்ள படிவம்வரை அவர்களது பிள்ளைகள் போகவே வழியிருக்கவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அந்தக் கணக்கு பெருமளவில் முடிவுக்கு வந்தது.

பிந்துனுவெவ

நாடு கிடைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இன்னொரு கோப்பு தடித்துக்கொண்டிருந்தது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் தற்காலிக ஏற்பாடு என்ற பெயரில் வந்தது. 1982இல் நிரந்தரமாயிற்று. ஒருவரைக் குற்றம் சாட்டாமல் பதினெட்டு மாதம்வரை தடுத்து வைக்க அது இடமளித்தது. 2022 திருத்தத்தில் அது பன்னிரண்டு மாதமாகக் குறைக்கப்பட்டது. இச்சட்டத்தின் கீழ் கைதாகி எந்த வழக்கும் இல்லாமல் வீடு திரும்பியவர்கள் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் ஏராளம். அவர்களது பெயர் பதிவேட்டில் ஏறியது. குற்றம் மட்டும் அதற்கெதிரே எழுதப்படவில்லை.

பண்டாரவளைக்கு அருகில் பிந்துனுவெவ என்றோர் இடம். அங்கிருந்த புனர்வாழ்வு முகாமில் தமிழ் இளைஞர்களும் சிறுவர்களும் தங்க வைக்கப்பட்டிருந்தனர். சரணடைந்தவர்கள், சந்தேகத்தில் பிடிபட்டவர்கள், விடுதலைக்குமுன் ஒரு தொழில் கற்றுக்கொள்ளட்டும் என்று அனுப்பப்பட்டவர்கள். 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி காலை பெருங்கூட்டமொன்று முகாமுக்குள் புகுந்து இருபத்தைந்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பொலிஸார் அங்கே நின்றார்கள். 2003இல் மேல் நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. 2005இல் உயர் நீதிமன்றம் அவர்களையும் விடுதலை செய்தது.

பண்டாரவளைக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். ஒரு காலத்தில் கைதானார்கள் என்ற ஒன்றை வைத்தே அந்தப் பிள்ளைகள் யார் என்பதை அன்று காலை வந்த கூட்டம் தீர்மானித்துவிட்டது. கைதையும் குற்றத்தையும் ஒன்றாக்கிப் பார்ப்பதன் ஆகக் கொடிய விளைவு நமது ஊவாவிலேயே நடந்திருக்கிறது. 2019க்குப் பின் நமது சமூகத்தின் வாசலுக்கும் அந்தப் பார்வை வந்தபோதுதான் நம்மில் பலர் அதன் கனத்தை உணர்ந்தோம். ‘நவரசம்’ கவிதை நூலுக்காக ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் கைதானார். 2021 டிசெம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசெம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை நிரபராதி என விடுவித்தது. கவிதையைப் படித்து விளங்கிக்கொள்ள மூன்றரை ஆண்டுகள்.

படிக்கப் போன இடத்திலும் இது நேரும். முஹம்மத் கமர் நிஸாம்தீன் மாணவர் வீசாவில் அவுஸ்திரேலியாவில் இருந்த இலங்கையர். 2018 ஓகஸ்ட் 30ஆம் திகதி நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் கைதானார். ஒரு குறிப்புப் புத்தகத்தில் இருந்த எழுத்துகளே சான்று. நான்கு வாரம் கடும் பாதுகாப்புச் சிறை. பத்திரிகைகளில் படமும் பெயரும். அக்டோபரில் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. அந்த எழுத்துகள் அவருடையவை அல்ல, பொறாமையால் இன்னொருவர் செய்த சூழ்ச்சி என்பது பின்னர் வெளிவந்தது. அப்படிச் செய்தவருக்கு 2020இல் நான்கரை ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. இவ்வளவுக்குப் பின்னும், இனி ஒரு நாட்டின் படிவம் கைதானதுண்டா என்று கேட்டால் நிஸாம்தீன் ‘ஆம்’ என்றே எழுத வேண்டும்.

படிவம் உண்மையில் கேட்பது என்ன?

இந்த இடத்தில்தான் படிவத்தை அவதானமாக வாசிக்க வேண்டும். எல்லா நாடுகளும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. அமெரிக்கப் படிவம், மன்னிப்புக் கிடைத்திருந்தாலும்கூட, கைதானதையும் தண்டனை பெற்றதையும் சேர்த்தே கேட்கிறது. கனடாவும் கைதையும் குற்றச்சாட்டையும் கேட்கிறது. பிரித்தானியா பெரும்பாலும் தண்டனைகளையும், இன்னும் முடிவுறாத கைது, வழக்கு ஆகியவற்றையும் விசாரிக்கிறது. ஆகவே ஒருவருக்கு ஒரு நாட்டின் படிவத்தில் ‘இல்லை’ என்பது நேர்மையான பதிலாகவும், இன்னொரு நாட்டின் படிவத்தில் அதே ‘இல்லை’ பொய்யாகவும் இருக்கலாம்.

அடுத்தது, கேட்பதும் தடுப்பதும் ஒன்றல்ல. அமெரிக்கச் சட்டம் குற்றத்தின் தன்மையையும் தண்டனையையும் குற்ற ஒப்புதலையும் பார்க்கிறது. குற்றச்சாட்டின்றி முடிந்த கைது மட்டும் தன்னளவில் வாசலை மூடுவதில்லை. அவுஸ்திரேலியாவின் 1958 குடிவரவுச் சட்டத்தில் பாரதூரமான குற்றப் பதிவு என்பதற்கு முக்கிய அளவுகோல், பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை. பதினொரு நாள் தடுத்து வைத்து விட்டுவிடப்பட்ட மாணவன் அந்த வரம்புக்கு அருகிலும் வரமாட்டான். அதிகாரிகள் மேலதிக விபரம் கேட்கலாம், தாமதமாகலாம், ஓர் அதிகாரியின் மனநிலைக்கேற்ப மறுப்பும் வரலாம். அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

ஆனால் பொய்க்குரிய விலை வேறு. பொய்யான விபரம் தந்ததற்காக வீசா மறுக்கப்பட்டால் கனடா ஐந்து ஆண்டுகளும் பிரித்தானியா பத்து ஆண்டுகளும் கதவை அடைக்கலாம். அவுஸ்திரேலியாவில் மூன்று ஆண்டுகள். அமெரிக்காவில் வேண்டுமென்றே சொன்ன பொய்க்கு, விசேட விலக்கு கிடைக்காவிட்டால், ஆயுள்காலத் தடை. கைது அவனைத் தடுக்காத வாசலில், மறைத்த பொய் அவனைத் தடுத்துவிடும். அன்றுவரை அவன் செய்யாத குற்றத்தை அந்தப் பென்சில் கோட்டுக்குக் கீழேதான் முதன்முதலாகச் செய்வான். இதை ஏஜென்சிக்காரர் சொல்லமாட்டார். அவரது கட்டணம் விண்ணப்பம் போனதுமே சேர்ந்துவிடும்.

துண்டுக் காலத்தின் பாடம் இங்கேதான் உதவுகிறது. அன்று ஒருவரை அடுத்த தோட்டத்தில் ஏற்கச் செய்தது, அவருக்குக் கடன் இருந்ததில்லை என்ற பொய்யல்ல. விடுவிக்கிறேன் என்று கையொப்பமிட்ட காகிதம். துண்டு முறை அநியாயமானது, ஒழிந்தது நல்லது. ஆயினும் பிடித்தது பதிவானால் விட்டதும் பதிவாக வேண்டும் என்பது தோட்டத்து மக்கள் பட்டறிந்து கற்ற விடயம். பிரஜாவுரிமைப் பத்திரங்களையும் பழைய சீட்டுகளையும் ட்ரங்குப் பெட்டிகளின் அடியில் அவர்கள் மூன்று தலைமுறை காத்து வைத்திருந்தது அதனால்தான். நம்மில் பலர் நீதிமன்றப் படியிறங்கியதும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி எல்லாவற்றையும் மறக்கவே விரும்புகிறோம். பிள்ளையை விடுவித்த கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதியொன்றை எடுத்து வைத்திருக்கும் குடும்பங்கள் எத்தனை?

இரண்டு நாள் கழித்து மாணவன் திரும்பி வந்தான். நான் சேகரித்ததையெல்லாம் சொன்னேன். ‘ஆம்’ என்றே எழுதும்படி சொன்னேன். வீசா கிடைக்கும் என்று உறுதி சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அவன் நீண்ட நேரம் பேசாமலிருந்தான்.

“உம்மாக்கு விருப்பமில்ல சேர். அந்தப் பதினொரு நாளப் பத்தி திருப்பி எழுதவே வாணாம் எண்டு செல்றாங்க.”

உம்மாவின் பேச்சிலும் நியாயம் உண்டு. மறுநாள் வாப்பாவும் வந்து அவனோடு பேசினார். அதன்பின் நாங்கள் மூவரும் நீதிமன்றப் பதிவறைக்குப் போனோம். வழக்கிலக்கத்தைத் தேடியெடுக்க இரண்டு தடவை போக வேண்டியிருந்தது. விடுவித்த கட்டளை ஒரே பக்கம், அதிலும் சில வரிகள்தான். அதன் மொழிபெயர்ப்போடு, எப்போது, எதற்காகப் பிடித்தார்கள், எப்போது விட்டார்கள் என்று அரைப் பக்க விளக்கமும் எழுதினான். அழுகையோ கோபமோ இல்லாமல் திகதிகளை மட்டும் எழுதச் சொன்னேன். மூன்றாவது தடவைதான் அது அவனால் முடிந்தது.

இதை எழுதும்வரை முடிவு வரவில்லை. கட்டளையின் மற்றப் பிரதியை வாப்பா கடையின் இரும்புப் பெட்டிக்குள், காணி உறுதியோடு சேர்த்து வைத்திருக்கிறார்.